குதிகால் கடைசிப் பக்கத்தில்

கண்டக்டர் குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, பழைய பனியன் ஒன்றை நீள நீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தார். கிழிபடும் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்து விட்டிருந்தார். சவரம் செய்யும் கண்ணாடி தரையில் சாய்ந்து நின்றது. அதில் அவருடைய இடது குதிகால் தெரிந்தது. குதிகாலில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கருத்த புண். பனியன் துண்டை அதன் மேல் சுற்றி முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் காலுறையை இழுத்துவிட்டார். வலி இல்லை, துளிக்கூட இல்லை. சர்க்கரை வியாதிக்காரருக்குக் காலில் புண் வந்து வலிக்கவில்லை என்றால் அது கெட்ட செய்தி. கண்டக்டர் அதை நல்ல செய்தி என்று வைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள என்ன, ஆத்தையே திருப்பி விட்டுட்டீங்களா? தொட்டி காலியாகப் போகுது!" என்று வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன்."

"சீக்கிரம் வாங்க. மூணு கண்ணு, ஒரு காது, ரெண்டு பல்லு வரிசையில நிக்குது."

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போயும் பேர் போகவில்லை. மாமனார் வீட்டு ஆட்கள்கூட அவரைக் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். உட்காரும் பழக்கமும் அவருக்கு வரவில்லை. பேப்பர் படிப்பது ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நின்றபடிதான். வீட்டுக்கு நாலு பேர் சேர்ந்து வந்தால் போதும், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க" என்று வாய் தானாகச் சொல்லும். இப்படி நாள் முழுக்க, அதுவும் வெறுங்காலோடு, சிமெண்டுத் தரையில் நின்றதில் வந்த வினைதான் அந்தக் குதிகால்.

மனைவி ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைக் கவனித்தே வேலைக்காலத்தைக் கழித்தவள். ஊரில் அவளுக்கு வார்டக்கா என்று பெயர். சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்று வீட்டுக்குள் போட மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தாள். கண்டக்டர் அதை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கூரைமேல் வீசினார். வீசியதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கலாம். மச்சினன் பார்த்துக்கொண்டிருக்கும்போது மார்பைத் தட்டிச் சொன்னார்: "இந்தக் காலு முப்பது வருஷம் ஓடுற வண்டியில நின்ன காலு. இதுக்கு ஒரு கீறல் வந்தாக்கூட, அன்னையிலேர்ந்து இந்த வீட்டுல நான் வாயைத் திறக்கலை. நீ கிழிச்ச கோட்டைத் தாண்டலை."

"தம்பி, கேட்டுக்கிட்டியா?" என்றாள் வார்டக்கா.

"கேட்டேன்க்கா" என்றான் தம்பி.

வாயால் வாழ்ந்த மனுஷனுக்கு வாயைத் திறக்காமல் இருப்பது என்பது பாதி சாவு. அதனால்தான் பனியனும் குழாய்த் தண்ணீரும்.

மச்சினன் அச்சகத்து மாடியில் ஒரு அறை எடுத்து, இணையத்தில் ஒரு கேள்வி பதில் தளம் நடத்திக்கொண்டிருந்தான். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கவனிக்கும் ஜனங்களுக்கான தளம். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் சொல்லலாம். ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே வரிசை இருந்தது. அதிகம் பேர் கை தூக்கிய கேள்விதான் மேலே வரும். பெரிய குடும்பம் ஒன்று ஒட்டுமொத்தமாகக் கை தூக்கி, 'தாத்தாவின் மெத்தை உறைக்கு நீலம் பொருந்துமா, பச்சை பொருந்துமா' என்ற கேள்வியை வாரக்கணக்கில் உச்சியில் உட்கார வைத்தது. அதற்குக் கீழே, மூச்சுத் திணறுகிறவரின் மகள் கிணற்றுக்குள்ளிருந்து கத்துகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள்.

மச்சினன் வெறுத்துப்போய், அவரவர் வரிசை அவரவருக்கு என்று மாற்றிவிட்டான். புதுசு முதலில் வேண்டுமா, பதில் வராதது முதலில் வேண்டுமா, தன் கேள்வியே முதலில் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஒரு பொத்தான். இவை எதுவும் பிடிக்கவில்லையென்றால் சொந்தமாக விதி எழுதிக்கொள்ளலாம். இன்னொருவர் வரிசை பிடித்திருந்தால் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஜனங்களுக்குச் சுதந்திரம் கிடைத்தால் கேட்க வேண்டுமா? சோம்பேறி ஒருவர், சின்னக் கேள்வி முதலில் என்று வைத்துக்கொண்டு 'விக்கல்?' என்பதைத் தாண்டி எதையும் படிக்கவில்லை. ஓய்வு பெற்ற வாத்தியாரம்மா ஒருத்தி, எழுத்துப்பிழை இல்லாத கேள்வி மட்டும் தெரிந்தால் போதும் என்று வைத்தாள். அவளுடைய பக்கம் நாள் கணக்கில் காலியாகக் கிடந்தது. 'தளம் வேலை செய்யவில்லை' என்று அவள் புகார் எழுதினாள், பிழையில்லாமல்.

வார்டக்கா பொத்தான்களைப் பார்க்கக்கூட இல்லை. "டேய், படுத்திருக்கறவங்களைத் துடைச்சு விடுற மாதிரி வை. முதல்ல கண்ணு, அப்புறம் முகம், காது, கழுத்து, கை, மாரு, வயிறு. காலு கடைசி. சுத்தமான இடத்துலேர்ந்து அழுக்கான இடத்துக்குப் போகணும். தலைகீழாப் போனா தொத்துடா" என்று தம்பியிடம் சொன்னாள். கேள்விக்கும் தொத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பி கேட்கவில்லை. அக்காவிடம் அப்படியெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. கேள்வியில் முதலில் எந்த உறுப்பின் பெயர் வருகிறதோ அதை வைத்து வரிசை போடும்படி விதி எழுதிக் கொடுத்தான்.

தளம் சின்னதாக இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலையில் தலையில் தொடங்கினால் சாயங்காலம் கால்விரலுக்கு வந்துவிடுவாள். தளம் பெருத்தபோது, கழுத்துக்கு வருவதற்குள் புதிதாகப் பத்துக் கண் வந்து நிற்கும். விட்டுவிட்டுக் கீழே போக அவளால் ஆகாது. கழுவின கண்ணை மறுபடி கழுவ ஏறுவாள். முழங்காலுக்குக் கீழே இறங்கி மாதக்கணக்காயிற்று.

இதற்குமேல் ஒன்று நடந்தது. பதில் சொல்வதில் கெட்டிக்காரி அவள்தான் என்பதால், பதில் சொல்லத் தெரிந்த மற்றவர்களும் அவளுடைய வரிசையையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். விவரம் தெரிந்த ஜனங்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 'என் மாமியாரின் நெற்றிக்குக் கீழே, வெகு தூரத்தில், முழங்காலில் வீக்கம்' என்று எழுதினார்கள். 'அண்ணனுக்கு மூக்கு நன்றாக இருக்கிறது. அந்த மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி பாதத்தில் சேற்றுப்புண்' என்று ஒரு தங்கை எழுதியிருந்தாள்.

வார்டக்காவுக்கு விரலால் தட்டி எழுத வராது. அவள் தன் கைபேசியில் படித்துவிட்டுப் பதிலைச் சொல்லச் சொல்ல, கண்டக்டர்தான் அவருடைய கைபேசியில் எழுதுவார். நின்றபடி, கம்பியைப் பிடித்தபடி, ஒற்றைக் கட்டைவிரலால். டிக்கெட் கிழித்த விரலுக்கு அது பெரிய வேலை இல்லை.

அதனால் அவளுடைய வரிசை அவருக்கு மனப்பாடம். அதை வைத்துத்தான் திட்டம் போட்டார். 'கடைசி சீட்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, தலையும் மூக்கும் சேர்க்காமல் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: 'இடது குதிகாலில் கருத்த புண். வலி இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் ஆற்றுவது எப்படி?' குதிகால் என்று தொடங்கினால் இவள் கண்ணில் படாது. ஊரில் உள்ள மற்றவர்கள் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள். எழுதி முடித்ததும் கேள்வி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேடிப் பார்த்து, 'என் கேள்வி முதலில்' என்ற பொத்தானை அழுத்தினார். உடனே கேள்வி உச்சியில் வந்து உட்கார்ந்தது. பஸ்ஸுக்கு முன்னால் போர்டு மாட்டிய திருப்தி அவருக்கு. போர்டு என்றால் ரோட்டில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும் அல்லவா?

தினமும் திறந்து பார்த்தார். தினமும் கேள்வி உச்சியில் இருந்தது. பதில் இல்லை. இரண்டாம் வாரம் அவருக்கு மனித ஜாதி மேலேயே கசப்பு வந்துவிட்டது.

"இத்தனை ஆயிரம் பேர் பாக்குறான், ஒருத்தன் வாயைத் திறக்கறானா பாரேன்" என்று வாய்விட்டுப் புலம்பினார்.

"எதுக்கு?" என்றாள் மனைவி.

"பொதுவாச் சொன்னேன். உலகத்தைச் சொன்னேன்."

"உலகம் இருக்கட்டும். இந்த வெயில்ல எதுக்குக் காலுறை?"

"குளிருது."

அவள் அவரை ஏற இறங்கப் பார்க்கத் தொடங்கினாள். கழுத்துக்கு வருவதற்குள் கைபேசி மணியடித்தது. யாருக்கோ கண்ணில் மருந்து மாற்றி ஊற்றிவிட்டார்களாம். கண்டக்டர் தப்பினார்.

மறுநாள் அச்சகத்து மாடிக்கு ஏறினார். மச்சினன் இரண்டு திரைகளுக்கு நடுவே, ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மாமா. உக்காருங்க."

"நிக்கறேன். மாப்ளே, நமக்குத் தெரிஞ்ச ஒருத்தரு, பழைய டிப்போ ஆளு, உன் தளத்துல ஒரு கேள்வி போட்டிருக்காரு. உச்சியில நிக்குது. ஒரு பய பதில் சொல்லலை. என்ன தளம் நடத்தற நீ?"

"உச்சியிலயா? என்ன பேருல போட்டிருக்காரு?"

"கடைசி சீட்."

மச்சினன் தட்டிப் பார்த்தான். "மாமா, அது அவரு போன்ல மட்டும்தான் உச்சி. ஒவ்வொருத்தருக்கும் வேற வேற வரிசை. பதில் சொல்ற ஆளுங்க முக்காவாசிப் பேரு அக்கா வரிசையை வச்சிருக்காங்க. அதுல இது கடைசிப் பக்கம். அந்தப் பக்கத்தை இதுவரைக்கும் யாரும் திறந்ததே இல்ல."

கண்டக்டருக்குக் கம்பி கைநழுவிய மாதிரி இருந்தது. அவர் வண்டியில் அவரே போர்டை உள்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, ஏன் யாரும் ஏறவில்லை என்று ஊரைத் திட்டியிருக்கிறார்.

"அந்த நண்பர்கிட்ட சொல்லுங்க, தலையை முன்னால போட்டு எழுதினா மேல வந்துரும்னு."

"அவருக்குத் தலையில ஒண்ணும் இல்லையே."

"அது எங்க எல்லாருக்கும் தெரியும் மாமா" என்றான் மச்சினன், காலுறையைப் பார்த்துக்கொண்டே. "பேசாம அக்காகிட்ட சொல்லச் சொல்லுங்க. குதிகாலு விளையாட்டு இல்ல."

"அதெல்லாம் அவரு சொல்ல மாட்டாரு. அவரு ஒரு சபதம் பண்ணியிருக்காரு. வேற வழி சொல்லு."

வேறு வழியாக மச்சினன் புது வரிசை ஒன்றை எழுதிக் கொடுத்தான். காலில் தொடங்கித் தலைக்கு ஏறுவது. யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவர், கண்டக்டர் கெஞ்சிக் கேட்டுச் சேர்த்த பழைய பஸ் டிரைவர். இன்னொருவர் ஒரு கொத்தனார். எந்த வேலையும் அஸ்திவாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அன்றைக்கே இரண்டு பதில்கள் வந்தன. 'கிரீஸ் தடவவும். பிறகு கொஞ்ச நாள் வண்டியை எடுக்க வேண்டாம்' என்று டிரைவர். 'உடைத்துவிட்டுப் புதிதாகப் பூசவும்' என்று கொத்தனார்.

கண்டக்டர் கிரீஸ் டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, வாளி மேல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அன்று மதியம் பனியன் துண்டை அவிழ்த்தபோது ஈரமாக வந்தது. வாசனையும் வந்தது. நெரிசல் வண்டியில் காலம் தள்ளினவர், மனித உடம்பின் வாசனை அத்தனையும் அவருக்குத் தெரியும். இது அந்த வகையில் சேர்ந்ததில்லை. தன் காலே தனக்கு முன்னால் செத்துக்கொண்டிருக்கிறதோ என்று ஒரு நினைப்பு ஓடியது. கண்ணாடியை எடுத்து, கொஞ்ச நேரம் குதிகாலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். கிரீஸ் டப்பாவை மூடினார். அங்கேயே உட்கார்ந்து கேள்வியைத் திருத்தி எழுதினார்.

சாயங்காலம் வார்டக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்டக்டர் ஜன்னலோரம், கையில் கைபேசி.

"எழுதுங்க. இது என்னது, புதுசா இருக்கு. 'தலை, கண், காது, மூக்கு, வாய் எல்லாம் நன்றாக இருக்கும் ஒருவருக்கு இடது குதிகாலில் கருத்த புண். வலி இல்லை. வாசனை வருகிறது.'" கண்ணாடியை மூக்கில் இறக்கினாள். "எல்லாம் நல்லா இருக்காம். புத்தி?"

"அதைப் பத்தி எழுதலை" என்றார் கண்டக்டர்.

"எழுத மாட்டான். இருந்தாத்தானே எழுதுவான். கீழ பாருங்க, எவனோ கிரீஸ் போடச் சொல்லியிருக்கான். இன்னொருத்தன் உடைக்கச் சொல்றான். எழுதுங்க: அட மடையா."

"அதையும் எழுதணுமா?"

"அதைத்தான் முதல்ல எழுதணும்."

அட மடையா என்று எழுதினார்.

"வலி இல்லைங்கறதுதான் பயப்பட வேண்டிய விஷயம். கிரீஸ் போடாதே. கத்தி, பிளேடு எதையும் கிட்ட கொண்டு போகாதே. சுத்தமான துணி போட்டு மூடு. அந்தக் காலைத் தரையில ஊனாதே. டாக்டர்கிட்ட போ. நாளைக்கு, நாளன்னைக்குன்னு தள்ளினா, காலு உன்னோட வராது. எழுதிட்டீங்களா?"

"'காலு உன்னோட'... ம்."

"இத்தனை நாளு இதை மூடி மறைச்சியே, வீட்டுல ஒருத்தி இருக்காளா இல்லையா? இருந்தா அவகிட்ட சொல்லு. திட்டுவா. திட்டு வாங்கினா ஆறிடும், புண்ணு அப்படி இல்ல."

கண்டக்டரின் கட்டைவிரல் நின்று நின்று போயிற்று.

"அப்புறம், சர்க்கரை இருக்கான்னு கேளுங்க."

"இருக்கு" என்றார் கண்டக்டர்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார்.

அவள் கை கழுவிவிட்டு வந்து, அவர் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"காலு. காலுல இருக்கு" என்றார்.

"தெரியும். ஆட்டாதீங்க. ரத்தம் கம்மியா இருக்கு." காதை மடக்கிப் பார்த்தாள். "வாயைத் திறங்க."

"வாயைத் திறக்க மாட்டேன்னு..."

"அதான் தெரியுமே. பேசறதுக்கு இல்ல, நாக்கைப் பாக்கணும். திறங்க." நாக்கு, கழுத்து, அக்குள், நகம் என்று இறங்கினாள். குதிகாலைக் கையில் வைத்துக்கொண்டு தவித்த மனுஷனுக்கு வயிற்றை வேறு அமுக்கிப் பார்த்தாள். "ஏம்மா, கீழ போயேன்!" என்று அவர் கதறினார். "வரேன், வரேன். வரிசையா வந்தாத்தான் எதுவும் விட்டுப்போகாது. தொடையிடுக்குல நெறி கட்டலை. நல்லது" என்றாள். கட்டியிருந்தால் விஷம் மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம் என்று அவர் கேட்காமலே சொன்னாள். அதற்குப்பின் அவர் அவசரப்படுத்தவில்லை.

காலுறையைக் கழற்றினாள். பனியனை அவிழ்த்தாள். பார்த்தாள். ஒரு நிமிஷம் அவள் முகத்திலிருந்து வார்டு போய், பெண்டாட்டி மட்டும் இருந்தாள். மறுபடி வார்டு வந்தது. உப்புநீரில் கழுவி, சுத்தமான துணி போட்டு, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். பனியனைக் கிடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட முதல் ஆளு நாமதான். அதுவரைக்கும் இந்தக் காலு தரையைப் பாக்கக் கூடாது."

"சரி."

"அந்தப் பதிலை அனுப்பிட்டீங்களா?"

"எனக்கேதானே, எதுக்கு அனுப்பணும்?"

"அனுப்புங்க. 'அட மடையா'வோட."

மறுநாள் காலை மச்சினன் காரைக் கொண்டு வந்தான். கண்டக்டர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து போனார். டாக்டர் கருத்த தோலை எடுத்துச் சுத்தம் செய்து, புண்ணுக்குள் கம்பி விட்டு ஆழம் பார்த்து, எலும்பைத் தொடவில்லை என்றார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் தொட்டிருக்கும். கால் தப்பியது. பழுதில்லாமல் ஆற மாதக்கணக்காகும், அதுவரை நிற்கக் கூடாது என்று சொல்லிக் கட்டுப் போட்டுவிட்டார். ஊசி போட வேண்டும், வெளியே காத்திருங்கள் என்றார்கள். கண்டக்டரை நீளப் பெஞ்சில் உட்கார வைத்து, இடது காலைத் தூக்கிப் பெஞ்சின் மேலேயே நீட்டி வைத்தார்கள்.

வார்டக்கா பக்கத்தில் உட்கார்ந்து தன் கைபேசியைத் தம்பியிடம் நீட்டினாள். "டேய், காலுக்குன்னு தனியா ஒரு வரிசை பிரிச்சுக் குடு. துடைச்சு விடும்போது காலுக்கு வேற தண்ணி, வேற துணி எடுப்போம். அதை உங்கிட்ட சொல்ல விட்டுப்போச்சு. தலைங்க இன்னைக்குக் காத்துக்கிட்டு இருக்கட்டும்."

தம்பி அங்கேயே நின்று தட்டிக் கொடுத்தான். முழங்காலுக்குக் கீழே உள்ள கேள்விகள் எல்லாம் வந்து விழுந்தன. ஒரு தலைகூட இல்லை. நாணயமான ஜனங்கள், உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள்.

"எழுதுங்க" என்றாள் புருஷனிடம். "இது அப்பாவைப் பாத்துக்கற ஒரு பொண்ணு. குதிகாலு செவந்திருக்காம், தலையணை மேல வச்சிருக்காளாம். அம்மா, குதிகாலைத் தலையணை மேல வைக்காதே. தலையணையைக் கெண்டைக்காலுக்குக் கீழ குடு. குதிகாலு எதையும் தொடாம வெளிய தொங்கணும்."

கண்டக்டர் எழுதி அனுப்பினார். பிறகு தன் இடது காலைப் பார்த்தார். கட்டுப் போட்ட குதிகால் பெஞ்சுப் பலகையில் பதிந்திருந்தது. கையை ஊன்றி, இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தி, குதிகால் பெஞ்சின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும்வரை தள்ளி உட்கார்ந்தார்.

"அடுத்தது சொல்லு" என்றார்.